ஸ்னோ புளோயரை டிராக்டரில் மாட்டி மணல் தள்ள முடியுமா?

கேள்வி, ஜூன் 6

புதுமடம் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து தோப்புக்குள் போகும் பாதை சுமார் 60 மீட்டர். ஆனி பிறந்தால் மேற்குப் பக்கமிருந்து வீசும் கச்சான் காற்று மணலை அள்ளிவந்து பாதையை மூடிவிடுகிறது. ஆவணி வரை ஜேசிபியை வாடகைக்குக் கூப்பிட்டு அலுத்துவிட்டோம். எங்களிடம் 24 குதிரைத்திறன் கொண்ட நான்கு சக்கர இழுவைச் சிறு டிராக்டர் ஒன்று உள்ளது. கனடாவில் இருக்கும் மச்சான், தோட்ட டிராக்டரின் முன்னால் ஸ்னோ புளோயர் மாட்டி வாசல் பனியை வீசுகிற காணொளியை அனுப்பியிருந்தார். அந்தக் கருவியை வரவழைத்து மணலுக்குப் பயன்படுத்தலாமா? இல்லையென்றால் எதை வாங்குவது, அண்ணே?

ஜூன் 6, இரவு

வரவழைக்க வேண்டாம். சவூதியின் கிழக்கு மாகாணத்தில் சாலையின் மேல் ஏறும் மணலை லோடராலும் கிரேடராலும் தள்ளுவதே பல ஆண்டுகள் என் பிழைப்பாக இருந்தது. பிற்பாடு ஒரு குளிர்காலத்தில் ஒன்டாரியோவில் தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது, அவனுடைய தோட்ட டிராக்டரில் பூட்டியிருந்த ஸ்னோ புளோயரை ஓட்டியும் பார்த்திருக்கிறேன். மணல், பனி இரண்டையும் காற்றுதான் கொண்டுவந்து கொட்டுகிறது. இரண்டும் பாதையை மூடும், வேலியோரம் குவியும். ஒற்றுமை அவ்வளவில் முடிந்துவிடுகிறது.

முதலில் எடையைப் பாருங்கள். புதிதாக விழுந்த பனி ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரைதான் இருக்கும். காற்றடித்து இறுகிப்போன பனிகூடப் பெரும்பாலும் 400 கிலோவை ஒட்டி நின்றுவிடும். உலர்ந்த கடற்கரை மணலோ ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1,600 கிலோ. உங்கள் 60 மீட்டர்ப் பாதை 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டு, அதன்மேல் 30 சென்டிமீட்டர் மணல் ஏறியிருந்தால் 54 கனமீட்டர் ஆகிறது. அது 86 டன். அதே அளவு புதுப்பனி 5 டன் சொச்சம்தான் வரும். மச்சான் காணொளியில் சிரித்துக்கொண்டே ஓட்டுவதன் ரகசியம் இதில் இருக்கிறது.

ஜூன் 7

எடை ஒன்றுதான் தடை என்றால் பெரிய எஞ்சின் போட்டுச் சமாளித்துவிடலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் மணலைச் சில மீட்டர் தூரம் எறியத் தேவைப்படும் ஆற்றல் 24 குதிரைத்திறனுக்கு எட்டாத ஒன்றன்று. வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவே. உண்மையான சிக்கல் கருவியின் உடம்புக்குள் இருக்கிறது.

ஸ்னோ புளோயரில் இரண்டு வகை உண்டு. ஒற்றைக் கட்ட வகையில் முன்னால் சுழலும் திருகுச் சுருளே பனியை அள்ளவும் செய்கிறது, எறியவும் செய்கிறது. இரட்டைக் கட்ட வகையில் திருகுச் சுருள் மெதுவாகச் சுழன்று பனியை நடுவுக்குக் கொண்டுவந்து தரும். அதன் பின்னால் இருக்கும் விசிறி வேகமாகச் சுழன்று, திருப்பி வைக்கக்கூடிய ஒரு குழாய் வழியாக அதை வெளியே எறியும். தோட்ட டிராக்டருக்கு வருபவை பெரும்பாலும் 42 முதல் 50 அங்குல அகலத்துக்குள் இருக்கும் இரட்டைக் கட்டக் கருவிகள். இவற்றின் தகடு, விசிறி, குழாய் எல்லாம் சாதாரண இரும்பு, அதிலும் மெல்லிய தகடு. பனி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது.

நம் மணலில் பாதிக்கு மேல் குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சாதாரண இரும்புக்கு 4 முதல் 5. போதாக்குறைக்கு இந்தக் கடற்கரை மணலில் கார்னெட் துகள்களும் கலந்திருக்கின்றன. தொழிற்சாலைகளில் இரும்பின் துருவைச் சுரண்டி எடுக்க வேகமாக அடிக்கிற அதே கார்னெட்தான். அதை விசிறிக்குள் விட்டு வேகமாகச் சுழற்றினால், விசிறி தன்னைத்தானே சாணை பிடித்துக்கொண்டு மெலிந்து போகும். பேரிங்குக்குள்ளும் ஆயில் சீலுக்குள்ளும் புகும் தூசி தனிக்கதை.

ஜூன் 7, மாலை

இன்னொன்று விட்டுப்போயிற்று: நரம்பு (நைலான் இழை) வலைத் துண்டுகள். நம் கரையில் மணலைக் கிளறினால் அறுந்த வலையும் கயிறும் வராத இடம் குறைவு. சுழலும் தண்டு எதுவாக இருந்தாலும் நரம்பு அதில் சுற்றிக்கொண்டு, உராய்ந்து சூடேறி, ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியே தெரியாது, எண்ணெய் கசிந்த பிறகுதான் தெரியும். ரொட்டவேட்டர் (சுழல் கலப்பை) வைத்திருப்பவர்கள் இதைத் தலையாட்டி ஒப்புக்கொள்வார்கள்.

பவளக்கல் மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு: திருகுச் சுருளின் தண்டில் ஷியர் போல்ட் இருக்கும். கல் மாட்டினால் கியர் பெட்டி உடையாமல் அந்தச் சிறிய போல்ட் உடைந்து காப்பாற்றும். தம்பி தன் கொட்டகையில் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தான். இங்கே ஒரு டப்பா போதாது, சாக்கு வேண்டியிருக்கும்.

ஜூன் 9

அந்தக் கருவி நம் டிராக்டரில் பொருந்துமா என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பழைய கருவியை மலிவாக இறக்குமதி செய்து தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

வட அமெரிக்கச் சிறு டிராக்டர்களில் வயிற்றுக்கடியில், எஞ்சினின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு ஒன்று இருக்கும், அது நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டிச் சுழலும். முன்னால் மாட்டும் ஸ்னோ புளோயர் அதிலிருந்துதான் விசை எடுக்கிறது. நம் ஊரில் ஓடும் சிறு டிராக்டர்கள் பலவற்றில் பின்பக்க பி.டி.ஓ. மட்டுமே உண்டு, அது 540 சுற்று. இரண்டையும் இணைக்கப் பற்சக்கரப் பெட்டி, சங்கிலி என்று பட்டறையில் ஏதாவது செய்துவிடலாம், ஆனால் அதற்குமேல் ஒரு தடை இருக்கிறது. வீசும் கருவிக்கு எஞ்சின் முழு வேகத்தில் ஓட வேண்டும், சக்கரமோ ஆமைபோல் நகர வேண்டும். கனடாவில் தம்பியின் டிராக்டர் கியர் இல்லாத ஹைட்ரோஸ்டேட்டிக் வகை. காலால் மிதிக்கும் அளவுக்கு நகரும், விசிறியின் வேகம் குறையாது. ஒற்றை கிளட்ச் உள்ள டிராக்டரிலோ கிளட்சை மிதித்த உடனே பி.டி.ஓ.வும் நின்றுவிடும், வாயில் அள்ளிய பொருள் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும்.

அடைப்பைக் கையால் எடுக்கப்போய் விரல் இழந்தவர்கள் பனி நாட்டில் நிறைய உண்டு. 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. கைலியின் நுனியோ தோளில் கிடக்கும் துண்டோ தண்டில் பட்டால், ஐயோ என்று சொல்வதற்குள் ஆளைச் சுற்றிவிடும். ரொட்டவேட்டர் ஓட்டுகிறவர்களும் பி.டி.ஓ. மூடியைக் கழற்றி எறியாமல் இருந்தால் நல்லது.

ஜூன் 9, சற்றுப் பின்

வேடிக்கைக்காக ஒரு செய்தி: தானே நகர்ந்து பனியை வீசும் இயந்திரத்தை 1925-இல் முதலில் செய்தவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்ட். 1927-இல் மொன்றியால் அருகே அப்போது தனி நகரமாக இருந்த ஊட்ரமோன் அதை வாங்கியது. நூறு ஆண்டுகளாக உலகம் அதைப் பனிக்கு மட்டுமே பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் மணலுக்குப் பஞ்சமில்லாத வளைகுடா நாடுகளில் பணத்துக்கும் பஞ்சமில்லை. நான் அங்கே இருந்த காலம் முழுவதும் சாலை மணலைத் தள்ளியது பிளேடும் பக்கெட்டும்தான்.

ஜூன் 10

சரி, எதை வாங்குவது? 24 குதிரைத்திறன் டிராக்டருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முன்னால் பக்கெட் லோடர். பார்க்க அழகு, விலை அதிகம். 4 அடி அகல பக்கெட்டில் ஒரு தடவைக்கு 0.15 கனமீட்டர், அதாவது 240 கிலோ மணல் கொள்ளும் என்று வையுங்கள். மேலே போட்ட கணக்குப்படி 54 கனமீட்டரை நகர்த்த 360 தடவை அள்ளிப் போட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு நிமிடம் என்றாலும் 6 மணி நேரம். ஜேசிபி 3டிஎக்ஸ் முன் பக்கெட்டின் கொள்ளளவு 1.1 கனமீட்டர், அதன் ஓட்டுநர் அதே வேலையை 50 அள்ளலில் முடித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். தவிர, 240 கிலோ முன் அச்சுக்கு முன்னால் தொங்கும்போது பின்சக்கரம் இலேசாகி மேலெழும். முன்பக்கச் சிறிய டயர்கள் மணலில் புதையும். முன் அச்சின் சீல்களுக்கும் அது நல்லதன்று.

முன்னால் டோசர் பிளேடு. பக்கெட்டைவிட மலிவு, பார்த்துக்கொண்டே தள்ளலாம். குவியல் முழங்காலுக்குமேல் இருந்தால் இதுதான் வசதி, ஏனெனில் மணலைத் தள்ளிக்கொண்டு சுத்தமான தரையில் சக்கரம் நகரும். ஆனால் பிளேடை ஏற்றி இறக்கத் தனி ஹைட்ராலிக் இணைப்பு வேண்டும், டிராக்டரின் அடிச்சட்டத்தோடு பொருந்தும் தாங்கி வேண்டும். முன்பக்கத்தில் வெறுமனே போல்ட் போட்டு மாட்டினால் முன் அச்சின் தாங்கி விரிசல் விடும்.

பின்னால் மூன்று புள்ளி இணைப்பில் (கீழே இரண்டு கை, மேலே ஒரு கை) மாட்டி, மண்ணை இழுத்துச் சமன்படுத்தும் லெவலர். இரண்டு பக்கமும் தகடு அடைத்த பெட்டி வடிவம். விலை குறைவு, உங்கள் டிராக்டரில் இருக்கும் ஹைட்ராலிக்கே போதும், பி.டி.ஓ. தேவையில்லை, சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. உங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். குறை ஒன்று உண்டு: டிராக்டர் முதலில் குவியலின்மேல் ஏறிப்போன பிறகுதான் லெவலர் வந்து சேரும். ஆகவே ஓர் அடிக்குமேல் மணல் சேரவிடக் கூடாது. காற்றுக் காலத்தில் சில நாள்களுக்கு ஒருமுறை இழுத்துவிட வேண்டும்.

ஜூன் 11

ரொட்டவேட்டரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் மணல் பறந்துபோகாதா என்று கேட்டவருக்கு: பறக்கும். உங்கள் கண்ணுக்குள்.

ஜூன் 12

நேற்று முழுவதும் யோசித்ததில், எந்தக் கருவி என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை என்று தோன்றியது: எடுக்கும் மணலை எங்கே போடப்போகிறீர்கள்?

பனி நாட்டில் இந்தக் கேள்வி இல்லை. பாதையின் இரு பக்கமும் வீசிவிட்டால் வசந்தத்தில் உருகி ஓடிவிடும். மணல் உருகாது. பாதையின் மேற்குப் பக்கம் தள்ளிவிட்டால் அடுத்த நாள் கச்சான் அதையே திருப்பிக் கொண்டுவந்து போடும். சவூதியில் புதிதாக வந்த ஓட்டுநர்களுக்குக் கங்காணி முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: எடுக்கிற மணல் எல்லாம் காற்று போகிற பக்கம், சாலையிலிருந்து தள்ளி, மேடாக நிறுத்தாமல் பரப்பி. மேடாக விட்டால் அந்த மேடே காற்றைத் தடுத்துச் சாலைமேல் மறுபடி மணலைச் சேர்க்கும்.

உங்கள் பாதை எந்தத் திசையில் போகிறது என்று எழுதுங்கள். வடக்குத் தெற்காகப் போனால் கச்சான் குறுக்கே அடிக்கும். கிழக்குப் பக்கம் தள்ளிப் பரப்புங்கள். தென்னைக்குத் தூர் அணைக்க மணல் வேண்டுமென்றால் அங்கேயே பயன்பட்டுவிடும். பாதை கிழக்கு மேற்காகப் போனால் காற்று அதன் நீளத்தோடு ஓடும், சேரும் மணலும் குறைவு, இழுத்துப்போக வேண்டிய தூரம்தான் அதிகம். இழுத்துப்போகும் தூரம் அதிகமானால் பெட்டி வடிவ லெவலர் கட்டாயம். பக்கத் தகடு இல்லாத வெறும் பிளேடில் மணல் இரு ஓரமும் வழிந்துவிடும். பக்கவாட்டில் தள்ளினால் போதும் என்றால் சாய்த்துத் திருப்பக்கூடிய பிளேடே போதும், பெட்டி வேண்டாம். இப்படி மணல் போகுமிடம் தெரிந்தால் கருவி தானாக முடிவாகிவிடும்.

ஐப்பசிக்குப் பின் வாடை திரும்பும்போது கிழக்கே பரப்பியதில் கொஞ்சம் திரும்பி வரும். ஆனால் அப்போது மழை ஈரம் இருப்பதால் மணல் அவ்வளவு எளிதில் கிளம்பாது.

ஜூன் 15

இழுவை பற்றி. லெவலர் பெட்டியில் 300 கிலோ மணல் இருந்தால், மணல்மேல் மணல் உராய்ந்து நகர ஏறத்தாழ 180 கிலோ இழுவிசை தேவைப்படும். 700 கிலோ டிராக்டர் இளகிய மணலில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இழுக்கும். அது 230 கிலோ. விளிம்பில் நிற்கிறோம் என்பது இதில் தெரியும். அதனால்தான் குதிரைத்திறன் இருந்தும் சக்கரம் சுழன்று குழி தோண்டுகிறது. எஞ்சினை முறுக்குவதால் பயன் இல்லை, எடையைக் கூட்ட வேண்டும்.

மலிவான வழி பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது. கனடாவிலும் செய்கிறார்கள், ஆனால் அங்கே வெறும் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு கரைத்து ஊற்ற வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் சக்கரத்துக்குச் சங்கிலியும் கட்டுகிறார்கள். மணலில் சங்கிலி கட்டினால் குழி இன்னும் வேகமாகத் தோண்டும், அதைப் பின்பற்ற வேண்டாம். அதற்கு மாறாக, டயர் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அளவு வரை காற்றைக் குறையுங்கள். டயர் பரந்து உட்காரும்.

ஜூன் 16

டயரில் தண்ணீர் என்று எழுதியதற்குச் சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அன்பர் ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார்: "சீமைக்கருவேல முள்ளுக்கு என்ன செய்வீர்கள்?" சரியான இடத்தில் குத்திவிட்டார். மணலுக்குள் புதைந்த காய்ந்த முள் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் நிரப்பிய டயர் பஞ்சர் ஆனால் பஞ்சர் கடைக்காரர் முதலில் நம்மைத் திட்டுவார், பிறகு தண்ணீரை வடிப்பார், பிறகுதான் ஒட்டுவார். மாதம் ஒருமுறை பஞ்சர் ஆகும் இடத்தில் தண்ணீர் வேண்டாம். பின்சக்கரத்தில் வார்ப்பிரும்பு எடைகளை மாட்டுங்கள். சக்கர எடையைக் கழற்றி மாட்டவும் முடியும், காற்றுக் காலம் முடிந்து உழவு தொடங்கும்போது கழற்றிவிடலாம். தோப்பைச் சுற்றிக் கருவேலம் இல்லாதவர்கள் தண்ணீரையே வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 19

கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் கருவாடு காயப்போடும் சிமெண்டுக் களத்தில் ஏறும் மணலுக்கு வழி கேட்டிருக்கிறார். காக்கா, உங்கள் வேலை வேறு. சிமெண்டுத் தரையில் விரலளவு மணல்தான் சேரும். அங்கே இரும்பு விளிம்பு தரையையும் சேர்த்துச் சுரண்டும். லெவலரின் விளிம்பில் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரைக் கத்தரித்து போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள், தரையோடு வழித்துக்கொண்டு போகும். பனி நாட்டில் வாசல் பாதையில் பதித்த கற்கள் பெயராமல் இருக்க இதே ரப்பர் விளிம்பைப் பயன்படுத்துகிறார்கள். இலை ஊதும் கையடக்க இயந்திரத்தைப் பற்றியும் கேட்டீர்கள்: தூசிக்கு உதவும், ஆனால் பக்கத்துக் களத்தில் காயும் கருவாட்டின்மேல் எல்லாம் போய் விழும். உறவு கெடும்.

ஜூன் 22

லெவலருக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை வேலிக்குப் போடுங்கள் என்று சொல்ல இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம், கருவி கேட்டு வந்தவரிடம் வேலியைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றுகிறான் என்பார்கள். ஆனால் தள்ள வேண்டிய மணலே பாதியாகிவிடும் என்றால் பேசித்தான் ஆக வேண்டும்.

காற்றில் போகும் மணலில் பெரும்பகுதி தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்குள் துள்ளித் துள்ளித்தான் போகிறது. தலைக்குமேல் பறப்பது தூசி. ஆகவே ஆள் உயர மதில் வேண்டியதில்லை, இடுப்பளவு வேலி போதும். அந்த வேலி பாதிக்குப் பாதி இடைவெளி உள்ளதாக இருக்க வேண்டும். கிடுகு வேலி கட்டினால் காற்று முழுவதும் தடுக்கப்பட்டு, மேலே ஏறிக் கீழே சுழன்று, வேலியின் அடியைத் தோண்டிவிடும்; ஒரே ஆடியில் சாய்ந்துவிடும். பனை மட்டையை விரலிடை விட்டு நட்டுக் கட்டிய வேலி காற்றை வேகம் குறைத்து உள்ளே விடும், மணல் அங்கேயே விழுந்து தங்கும். புதைந்துகொண்டே வரும்போது அதன்மேலேயே இன்னொரு வரிசை கட்ட வேண்டும்.

பனி வேலிக்கும் 50 சதவீத இடைவெளிதான் கணக்கு. ஆனால் அதன் பின்னால் பனிக் குவியல் வேலி உயரத்தைப்போல் 30 மடங்குக்கும் மேல் நீண்டு படியும் என்பதால், 4 அடி வேலியைச் சாலையிலிருந்து 120 அடிக்கும் அப்பால் வைப்பார்கள். மணல் வேலியை ஒட்டியே கனமாக விழுந்துவிடும், ஆகவே அவ்வளவு தூரம் தேவையில்லை. பாதையிலிருந்து வேலி உயரத்தைப்போல் 10 மடங்கு தள்ளி வைத்தால் போதும் என்பது என் அனுபவம். இடம் இருந்தால் இரண்டாவது வரிசையும் வையுங்கள்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் செடிதான். சவூதியில் அல் அஹ்ஸா சோலையை மூடவந்த மணலை 1962-இல் தொடங்கிய அரசுத் திட்டம் மரம் நட்டுத்தான் தடுத்தது. நமக்குச் சவுக்கும் பனையும் இருக்கின்றன. கரையோரம் தானாக வளரும் இராவணன் மீசையையும் அடம்பங்கொடியையும் பிடுங்காமல் விட்டாலே பாதி வேலை ஆகிவிடும். பாதையை அழகுபடுத்துகிறேன் என்று அடம்பைச் சுத்தமாக அறுத்துவிட்டு, மணல் வருகிறது என்று ஜேசிபியைக் கூப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 23

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை யாரோ பதிலாகப் போட்டிருக்கிறார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. தங்கச்சிமடத்தில் கிடுகு வேலி ஒன்று அடியோடு பெயர்ந்து அடுத்த வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பனை மட்டைதான்.

ஜூன் 28

ஒருவர் மணற்குன்றையே லெவலர் வைத்துச் சமன்படுத்திவிட்டால் வம்பு தீரும் என்கிறார். தீராது, புது வம்பு வரும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011-இல் வந்ததும் சரி, 2019-இல் வந்ததும் சரி, மணற்குன்றுகளை வெட்டி உருமாற்றுவதைத் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், செடி பிடித்து நிற்கும் குன்றைக் கிளறினால் அதுவரை கட்டுண்டிருந்த மணல் முழுவதும் காற்றின் கையில் போய்விடும். உங்கள் பாதைமேல் வந்து விழுந்ததை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடுத்த மணலை டிப்பரில் ஏற்றி வெளியே விற்கலாமா என்று கேட்டவருக்கு: அனுமதிச் சீட்டு இல்லாமல் மணல் வண்டி சாலையில் ஏறினால் வண்டி காவல் நிலையத்தில் நிற்கும்.

கரையோரமாகப் பாதை உள்ளவர்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை அலைபடும் பகுதிக்கு மேலுள்ள மணலில் டிராக்டரை இறக்காதீர்கள். பங்குனி ஆமை முட்டையிடும் காலம். நல்லவேளையாகக் கச்சான் காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, ஆகவே இதில் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை.

ஜூலை 2

கேள்வி கேட்ட தம்பி பாதை வடக்குத் தெற்கு என்று எழுதிவிட்டார். கிழக்கே சொந்தத் தோப்பு, மணல் போட இடம் உண்டு. அப்படியானால் பக்கவாட்டில் தள்ளும் வேலைதான் முக்கியம். ஆகவே ஜூன் 10 அன்று சொன்ன பெட்டி லெவலரைவிட, 30 பாகை வரை சாய்த்துத் திருப்பி முளை போட்டு நிறுத்தக்கூடிய பின் பிளேடு அவருக்குப் பொருந்தும். நீளமாக இழுக்க வேண்டிய நாள்களுக்குக் கழற்றி மாட்டும் பக்கத் தகடு இரண்டு செய்துகொள்ளலாம்.

பட்டறையில் செய்யச் சொல்லும்போது கவனிக்க வேண்டியவை. பிளேடின் அகலம் பின் டயர்களின் வெளி விளிம்பைவிட ஒரு சாண் அதிகம் இருக்க வேண்டும்; திருப்பி வைத்தால் அகலம் குறையும், அப்போதும் டயர்த் தடத்தை மூட வேண்டும் என்பதற்காக. மூன்று புள்ளி இணைப்பில் முதல் வகை (கேட்டகிரி 1) என்றால் கீழ்க்கை முளை 22 மில்லிமீட்டர், மேல்கை முளை 19 மில்லிமீட்டர். ஆனால் சிறு டிராக்டர்கள் சிலவற்றில் கைகளுக்கிடையே உள்ள அகலம் குறுகியது. பட்டறைக்கு டிராக்டரையே ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள், அளவு நாடாவை நம்ப வேண்டாம். வெட்டும் விளிம்பைப் பிளேடோடு வெல்டிங் செய்ய விடாதீர்கள். தேய்ந்தால் தலைகீழாகத் திருப்பி மாட்டும்படி போல்ட் போட்ட தனித் தகடாக இருக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிரேடர் பிளேடின் துண்டு கிடைத்தால் விடாதீர்கள், அந்த இரும்பு மணலுக்காகவே பிறந்தது.

ஜூலை 8

தம்பியின் பாதை கிராவல் பாதை என்பது இப்போதுதான் தெரிகிறது. விளிம்பைத் தரைவரை இறக்கினால் மணலோடு கிராவலும் போய்விடும், அடுத்த மழையில் பாதை சேறாகும். ஸ்னோ புளோயரிலிருந்து நாம் திருட வேண்டிய ஒரே பாகம் இதற்குத்தான் உதவுகிறது: அதன் இரு ஓரத்திலும் சறுக்குத் தகடு இருக்கும், சரளைப் பாதை என்றால் அதைக் கீழே இறக்கி, கருவியின் வாய் தரையைவிட்டு ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி வைப்பார்கள். பிளேடின் இரு முனையிலும் அதுபோல் உயரம் மாற்றக்கூடிய சறுக்குத் தகடு வைக்கச் சொல்லுங்கள். பாதைமேல் இரண்டு விரல் கனம் மணல் தங்கட்டும், வண்டிக்கு அது இடைஞ்சல் இல்லை.

ஓட்டும்போது மேல்கையின் நீளத்தை மாற்றினால் பிளேடு சாயும் கோணம் மாறும்; ஒரு கோணத்தில் கடிக்கும், இன்னொன்றில் வழித்துக்கொண்டு மட்டும் போகும். மணலுக்குக் கடிக்காத கோணத்தில்தான் வைக்க வேண்டும். காற்று தணிந்திருக்கும் விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள். மேல் மணல் உலர்ந்து ஓடினாலும் ஒரு சாண் அடியில் ஈரம் இருக்கும். ஈர மணல் எடை கூடுதல் என்றாலும் கட்டியாக நின்று தள்ளக் கொடுக்கும், உலர் மணல் பிளேடைச் சுற்றி வழிந்து திரும்பும். ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் தள்ள முயலாமல், கிழக்கு ஓரத்தில் தொடங்கி மேற்கே வாருங்கள். அப்போது ஒவ்வோர் இழுப்பிலும் தள்ளிய மணலுக்கு முன்னால் இடம் காலியாக இருக்கும்.

ஜூலை 14

தம்பி கணக்குக் கேட்டிருக்கிறார்: பிளேடு வந்துவிட்டால் ஜேசிபியை அடியோடு விட்டுவிடலாமா? என் யோசனை, விட வேண்டாம். ஆனி முதல் வாரத்தில், சென்ற பருவத்தில் சேர்ந்து நிற்கும் மேடுகளை ஒரு மணி நேரம் ஜேசிபி வைத்துக் கிழக்கே பரப்பி, பனை மட்டை வேலியையும் அப்போதே நட்டுவிடுங்கள். அதன்பிறகு பருவம் முழுவதும் பிளேடு பார்த்துக்கொள்ளும். 24 குதிரைத்திறன் வண்டியிடம் பெருமேட்டைக் கொடுத்து கிளட்சை எரிப்பதைவிட ஒரு மணி வாடகை மலிவு. 2017-இல் திறந்த அரிச்சல்முனைச் சாலையிலேயே காற்றுக் காலத்தில் மணல் ஏறினால் பொக்லைன்தான் வருகிறது.

கனடா மச்சானிடம் சொல்லிவிடுங்கள், அவருடைய கருவி அவர் வாசலிலேயே இருக்கட்டும்.

ஜூலை 21

பிளேடு தயாராகிவிட்டதாகத் தம்பி படம் போட்டிருக்கிறார். சறுக்குத் தகடு நன்றாக வந்திருக்கிறது. போல்ட்டுகள் மட்டும் சாதாரண இரும்பாகத் தெரிகின்றன. உப்புக் காற்றில் ஒரு பருவத்தில் நட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு விளிம்பைத் திருப்பி மாட்ட கேஸ் கட்டிங் வைத்து அறுக்க வேண்டிவரும். துத்தநாகப் பூச்சுள்ளதாக மாற்றி, மரையில் கிரீஸ் தடவி முடுக்குங்கள். காற்றுக் காலம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விளிம்பைக் கழற்றித் தனியாக வையுங்கள்.